பயிற்சியாளரும் மாணவரும் பேசிக்கொள்வதற்காக ஹெல்மெட்டுக்குள் மைக்கும் இயர்போனும் பொருத்துவது பற்றி

இரண்டாம் இருக்கை:

வணக்கம். சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சில ஆண்டுகளாகச் சொந்தக் காரில் ஓட்டி வருகிறேன். சென்ற ஆண்டிலிருந்து, தடத்துக்குப் புதிதாக வரும் நண்பர்கள் இருவருக்கு இடப்பக்க இருக்கையில் அமர்ந்து வழிகாட்டும் பொறுப்பும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இதுவரை கைச்சைகையாலேயே சமாளித்தோம்: உள்ளங்கையை விரித்துக் காட்டினால் பிரேக், விரலை நீட்டினால் அந்தப் பக்கம் திருப்பு, கையைத் தாழ்த்தினால் வேகத்தைக் குறை. சென்ற மாதம் ஒரு வளைவை நெருங்கும்போது, நான் காட்டிய சைகையைப் பார்ப்பதற்காக நண்பர் தலையை என் பக்கம் திருப்பினார். அந்த ஒரு கணத்தில் பிரேக் பிடிக்க வேண்டிய இடம் எங்களுக்குப் பின்னால் போய்விட்டது. மண்ணில் இறங்கி நின்றோம், யாருக்கும் காயமில்லை. ஆனாலும் கண்ணால் பார்க்க வேண்டிய கட்டளையை இனிக் கொடுப்பதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

என்னிடம் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் பயன்படுத்தும் புளூடூத் இன்டர்காம் ஒரு ஜோடி இருக்கிறது. அதை இரண்டு ஹெல்மெட்டுகளில் பொருத்த விரும்புகிறேன். என்னுடையது முகம் முழுவதும் மூடும் கார்ப் பந்தய ஹெல்மெட்; ஹெல்மெட் தரத்தைச் சோதிக்கும் ஸ்நெல் அமைப்பின் எஸ்ஏ2020 முத்திரை கொண்டது. நண்பருடையது ஐஎஸ்ஐ முத்திரை கொண்ட பைக் ஹெல்மெட். அதில் காதுப் பக்கத்தில் ஸ்பீக்கர் வைப்பதற்கென்றே ஒரு குழி இருக்கிறது. என்னுடையதில் அப்படி எதுவும் இல்லை. துணி உறையைக் கழற்றிப் பார்த்தால் கன்னத்திலிருந்து காதுவரை நுரை நெருக்கமாக நிற்கிறது. கடைக்காரர் ஒருவர், “உள்ளே இருக்கும் தெர்மாகோலைக் கத்தியால் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாகச் சுரண்டிவிட்டு, ஹாட் குளூ வைத்து ஒட்டிவிடலாம், பத்து நிமிட வேலை” என்கிறார். எனக்குத்தான் கை வரவில்லை. இப்படிச் செய்யலாமா? கூடாதென்றால் வேறு வழி என்ன? கம்பி வைத்த இன்டர்காம் வாங்குவது நல்லதா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பிட் சுவர்:

முதலில் அந்தக் கத்தியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் தெர்மாகோல் என்று சொன்ன அந்தப் பொருள்தான் ஹெல்மெட்டின் உயிர். வெளி ஓடு அடியைப் பரப்புகிறது. உள்ளே இருக்கும் இபிஎஸ் நுரையோ நசுங்கி, தலை நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை நீட்டி, மூளைக்குப் போகும் அதிர்ச்சியைக் குறைக்கிறது. எவ்வளவு தடிமனும் அடர்த்தியும் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு வைத்த இடத்தில் ஒரு குழி தோண்டினால், அங்கே நசுங்குவதற்குப் பொருள் இல்லை. போதாததற்கு, காந்தமும் உலோகமும் கொண்ட கெட்டியான ஸ்பீக்கர் ஒன்று அதே இடத்தில் பொட்டெலும்பை நோக்கி உட்கார்ந்திருக்கும். ஹாட் குளூவின் சூடு இபிஎஸ் நுரையை உருக்கிவிடும்; ரப்பர் பசையில் உள்ள கரைப்பான் அதைக் கரைத்தே விடும். ஒட்டிய பிறகு துணி உறையை மூடிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. அந்த ஹெல்மெட்டை நாளைக்கு உங்களிடமிருந்து இரவல் வாங்கி அணிபவருக்கும் தெரியாது.

விதியும் இதையேதான் சொல்கிறது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிகளின்படி, தயாரிப்பாளரும் தரச்சான்று கொடுத்த அமைப்பும் ஒப்புக்கொண்ட முறையில் அன்றி ஹெல்மெட்டை மாற்றக் கூடாது. அதே விதித்தொகுப்பு, மூடிய தடத்தில் சுற்றி ஓடும் சர்க்யூட் பந்தயங்களில் ஹெல்மெட்டுக்குள் ஒலிபெருக்கி பொருத்துவதையும் தடை செய்கிறது. காதுக்குள் செருகும் வகை இயர்பீஸ்தான் அனுமதி. மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும் விலக்குக் கேட்கலாம். சாலைகளில் கட்டம் கட்டமாக நேரம் பார்த்து ஓடும் ராலிக்கு இது பொருந்தாது. அதைப் பற்றி ராலி நண்பர்கள் யாராவது இங்கே வந்து சொல்வார்கள். நீங்கள் பந்தயத்தில் கலந்துகொள்ளாமல் பயிற்சி நாளில் மட்டும் ஓட்டுபவராக இருக்கலாம். அங்கே உங்கள் ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளே பார்ப்பவர் எவரும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்த விதி எழுதப்பட்ட காரணம் பயிற்சி நாளிலும் அப்படியே இருக்கிறது.

அடுத்து, அந்தப் புளூடூத் பெட்டி. இரண்டு சக்கர வண்டியில் வலக்கை ஆக்சிலரேட்டரை விட முடியாது என்பதால், பெரும்பாலான பைக் இன்டர்காம்களை ஹெல்மெட்டின் இடப்பக்கத்தில் மாட்டும்படிதான் செய்திருக்கிறார்கள். நீங்கள் அமர்வது காரின் இடப்பக்க இருக்கை. அதாவது, உங்கள் தலைக்கும் கதவுக் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு கெட்டிப் பெட்டி துருத்திக்கொண்டிருக்கும். கண்ணாடிக்கு மேலே திரைபோல் விரியும் ஏர்பேக் உள்ள காரானால், அது விரியும் வழியிலும் அதே பெட்டிதான் நிற்கும். நண்பருக்கோ அது காரின் உட்பக்கத்தில் அமையும். ஆனால் தலையின் இருபுறமும் சிறகுபோல் வளைந்த பந்தய இருக்கை வைத்திருந்தால் அவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் இடிக்கும். பைக்கில் வெளிக்காற்றில் தனியாக நிற்கும் ஒரு பொருளை, நான்கு பக்கமும் அடைத்த கூண்டுக்குள் கொண்டுவருகிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

நண்பரின் பைக் ஹெல்மெட்டில் குழி ஏற்கெனவே இருப்பதால் ஸ்பீக்கரை அதில் வைப்பதால் நுரைக்குக் கேடில்லை. அந்த ஹெல்மெட்டையே பற்றித்தான் எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்நெல் அமைப்பு பைக்குக்கு எம் என்றும் காருக்கு எஸ்ஏ என்றும் தனித்தனித் தரம் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு: எஸ்ஏ தரத்தில் தீப்பற்றும் சோதனை உண்டு, கார் கவிழும்போது கூரையைத் தாங்கும் ரோல் பாரில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடிபடுவதைப் போன்ற சோதனையும் உண்டு, எம் தரத்தில் இவ்விரண்டும் இல்லை. ஐஎஸ்ஐ முத்திரையும் இரு சக்கர வண்டிக்கானதே. நண்பர் தொடர்ந்து வரப்போகிறார் என்றால், இன்டர்காமுக்குப் போகும் பணத்தை முதலில் ஒரு நல்ல ஹெல்மெட்டுக்குச் செலவிடச் சொல்லுங்கள்.

எனவே என் பதில்: உங்கள் ஹெல்மெட்டில் ஸ்பீக்கர் வேண்டாம். காதுக்குள் செருகும் இயர்பீஸ், தாடைப் பகுதியின் உட்புறத் துணியில் வெல்க்ரோவால் நிற்கும் மைக், இரண்டும் சேர்ந்து ஒரே கம்பியாக வெளியேறும் ஏற்பாடு. கார்ப் பந்தய ஹெல்மெட்டுக்கென்றே விற்கும் கிட் இதைத்தான் செய்கிறது. எந்த இடத்திலும் துளை போட வேண்டியதில்லை.


செம்புக் கம்பி:

பிட் சுவர் சொன்னதை முழுவதும் ஒப்புக்கொண்டு, ஒலி தொடர்பான பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். இந்த வேலையில் பலர் தடுமாறுவது இங்கேதான்.

காதுக்குள் செருகும் இயர்பீஸ் விதிக்காக மட்டும் நல்லதன்று. உட்புற விரிப்பைக் கழற்றிப்போட்ட ஒரு தடக் காருக்குள் ஒலி அளவு 100 டெசிபலைத் தொடுவது அரிதில்லை. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைய, 100 டெசிபலில் எஞ்சுவது 15 நிமிடம். தடத்தில் ஒரு முறை இறங்கி ஓட்டும் செஷன் ஏறத்தாழ அவ்வளவுதான். வெளியே தொங்கும் ஸ்பீக்கர் இந்த இரைச்சலுக்கு மேலே கத்தினால்தான் கேட்கும், ஆகவே காதுக்கு இரட்டைத் தண்டனை. நுரை முனை கொண்ட இயர்பீஸோ முதலில் இரைச்சலை அடைத்துவிட்டு, மிஞ்சிய அமைதியில் மெல்லப் பேசுகிறது. காதின் அச்செடுத்து சிலிகோனில் செய்து தருவதும் உண்டு. காது கேட்கும் கருவி விற்பவர்களே அச்சு எடுத்துக் கொடுப்பார்கள். நுரை முனையை முதலில் வாங்கிப் பாருங்கள். பிடித்துப்போனால் பிறகு அச்சுக்குப் போகலாம்.

மைக்கைப் பற்றி. இரைச்சலை ஒதுக்கும் மைக்கில் முன்னும் பின்னுமாக இரண்டு வாய்கள் இருக்கும். தூரத்திலிருந்து வரும் எஞ்சின் சத்தம் இரண்டுக்குள்ளும் ஏறத்தாழ ஒரே அளவில் நுழைந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உதட்டுக்கு அருகிலிருந்து வரும் குரல் முன் வாயில் மட்டும் வலுவாக நுழைவதால் அது மட்டும் தங்கும். இந்தத் தந்திரம் முழுவதும் உதட்டுக்கும் மைக்குக்கும் உள்ள நெருக்கத்தை நம்பியிருக்கிறது. பேசும்போது மைக்கின் பஞ்சுறை உதட்டில் உரச வேண்டும். இரண்டு விரல் இடைவெளி விட்டால் நீங்கள் வாங்கியது சாதாரண மைக்தான். அதைப் பின்பக்கமாகத் திருப்பி ஒட்டிவிட்டு, “குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது” என்று என்னிடம் ஹெல்மெட்டைக் கொண்டுவந்தவர்கள் பலர். பேசும் பக்கம் எது என்று மைக்கிலேயே ஒரு புள்ளியோ எழுத்தோ போட்டிருப்பார்கள், பஞ்சுறையைக் கழற்றிப் பாருங்கள்.

பிளக்கில் எச்சரிக்கை தேவை. நான்கு பகுதிகளாகப் பிரிந்த அந்தத் தடித்த பிளக்குகள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும், துளைக்குள்ளும் பொருந்தும். உள்ளே கம்பி வரிசை மட்டும் வேறாக இருக்கும். அமெரிக்காவிலேயே அங்குள்ள பந்தய அமைப்புகளின் பெயரால் இம்சா வயரிங், நாஸ்கார் வயரிங் என்று இரண்டு வழக்கங்கள் உண்டு. ஐரோப்பிய ராலிக் கருவிகள் வேறு வழி போகும். மைக்கிலும் டைனமிக், எலெக்ட்ரெட் என்று இருவகை. எலெக்ட்ரெட் மைக்குக்குச் சிறு மின்னழுத்தம் ஊட்ட வேண்டும், டைனமிக்குக்கு வேண்டியதில்லை. இம்பீடன்ஸ் என்னும் மின்மறுப்பும் பொருந்தாவிட்டால் எதுவும் எரியாது, ஆனால் ஒலியளவை முழுவதும் திருப்பினாலும் முணுமுணுப்புதான் கேட்கும். ஆகவே ஹெல்மெட் கிட்டையும் இன்டர்காம் பெட்டியையும் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்குவது மிச்சப் பணத்தைவிடப் பெரிய நிம்மதி.

புளூடூத்தா, கம்பியா என்று கேட்டீர்கள். இருவரும் அரை மீட்டர் இடைவெளியில் அமர்ந்திருக்கும்போது கம்பியில்லாமல் பேசுவதற்கு எந்த அவசியமும் இல்லை. குரலைச் சுருக்கி, அனுப்பி, விரித்துக் கொடுப்பதில் புளூடூத் சிறிது நேரத்தை விழுங்கும். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் கார் வினாடிக்கு ஏறத்தாழ 42 மீட்டர் ஓடுகிறது; வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதம் என்றாலும் உங்கள் “பிரேக்” என்ற சொல் 8 மீட்டர் தாண்டிய பிறகுதான் அவர் காதில் விழும். குரல் கேட்டால்தான் திறக்கும் வாக்ஸ் வசதியும் காருக்குள் ஏமாற்றும்: எஞ்சின் சத்தத்திலேயே திறந்துகிடக்கும், அல்லது சொல்லின் முதல் எழுத்தை விழுங்கிவிடும். எப்போதும் திறந்திருக்கும் கம்பி இன்டர்காமில் இந்தத் தொல்லைகள் இல்லை. அதிலும், காரின் 12 வோல்ட்டில் ஓடுவதைவிடத் தனி 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஆல்டர்னேட்டரின் ஊளை உள்ளே வர வழியே இருக்காது.


பேஸ்நோட்:

ராலியில் பல ஆண்டுகள் ஓட்டுபவருக்கு வழி சொல்லும் கோ-டிரைவராக அமர்ந்தவன் என்ற முறையில் இரண்டு சொற்கள்.

பிட் சுவர் சொன்னதுபோல் அந்தத் தடை ராலிக்கு இல்லை. எங்கள் ஹெல்மெட்டுகளில் காதை மூடும் கிண்ணத்துக்குள் ஸ்பீக்கர் இருக்கும்; ஆனால் அது தயாரிப்பாளரே வடிவமைத்து, அதோடு சேர்த்தே சோதனைக்கு அனுப்பித் தரச்சான்று பெற்றது. எவரும் வீட்டில் சுரண்டிப் பொருத்தியதல்ல. ஒரு நாள் முழுவதும் ஹெல்மெட்டைக் கழற்றியும் மாட்டியும் கொண்டிருப்பவர்களுக்குக் காதுக்குள் செருகும் இயர்பீஸ் பெரிய இம்சை. ஆகவேதான் எங்களுக்குக் கிண்ணம். உங்களுக்கு ஒரு நாளைக்கு நான்கைந்து செஷன்கள்தானே? இயர்பீஸ் போதும். ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன்: காதை முழுவதும் அடைத்துவிட்டால் டயரின் கிறீச்சொலியும் எஞ்சினின் சுதியும் புதியவருக்குக் கேட்காமல் போகும், அவர் கற்றுக்கொள்வது பாதி அந்த ஒலிகளிலிருந்துதான். அதனால் மாணவருக்கு ஒரு காதில் மட்டும் இயர்பீஸும் மறுகாதில் சாதாரண நுரைச் செருகியும் கொடுத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். செம்புக் கம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கம்பி வெளியேறும் வழியைப் பற்றி. எல்லோரும் ஒலி நன்றாக இருக்கிறதா என்று நிறுத்திய காரில் சோதிக்கிறார்கள். கதவைத் திறந்து அவசரமாக இறங்கிப் பார்ப்பதில்லை. எங்கள் கார் ஒரு முறை ஓடைக்கரையில் பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. பெல்ட்டை விடுவித்துக்கொண்டு மேல்பக்கக் கதவு வழியாக ஏறிய என்னை, யாரோ பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தால் யாருமில்லை, இன்டர்காம் கம்பி! நான் பத்திரமாக இருக்கட்டும் என்று அதை, காருக்குள் இருக்கும் பாதுகாப்புக் கூண்டான ரோல் கேஜோடு டேப் சுற்றி வைத்திருந்தேன். பிளக் இழுபட வேண்டிய திசையில் இழுபடாமல் குறுக்கே மடங்கி இறுகிவிட்டது. தீ இல்லை, அவசரமும் இல்லை. அதனால்தான் இதை இங்கே சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது.

ஆகவே சுருள் கம்பியின் ஒரு முனை ஹெல்மெட்டில் நிலையாக நிற்கட்டும், மறுமுனை காரின் பக்கம் சும்மா இழுத்தாலே கழன்று வர வேண்டும். நடுவில் எந்த இடத்திலும் கட்டக் கூடாது. நம் ஊரில் ஓட்டுபவர் வலக்கதவு வழியாக இறங்குகிறார், எனவே அவருடைய கம்பி ஹெல்மெட்டின் இடப்பக்கத்திலிருந்து இறங்கி இரு இருக்கைகளின் நடுவே உள்ள பெட்டிக்குப் போக வேண்டும். இறங்கும்போது அவர் உடல் போகும் திசையிலேயே பிளக் கழலும். இடப்பக்கம் அமரும் உங்களுக்கு இதன் நேர்மாறு: கம்பி வலப்பக்கம் இருக்க வேண்டும். பல கிட்டுகள் இடப்பக்கத்துக்கென்றே வெட்டி வரும், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கழுத்தைக் காக்கத் தோளில் மாட்டும் ஹேன்ஸ் கருவியை அணிபவரானால் இன்னொன்று. ஹெல்மெட்டின் பின்புறம் இருபக்கமும் உள்ள எம்6 திருகில் மாட்டும் பட்டைக்கும் ஓட்டுக்கும் நடுவே கம்பி போகவே கூடாது. தாடையோரமாக, அந்தத் திருகுக்கு முன்னாலேயே கீழே இறக்கிவிடுங்கள். தலை முன்னால் பாயும்போது அந்தப் பட்டை தடையின்றி இறுக வேண்டும்.


இரண்டாம் இருக்கை:

மூவருக்கும் மிக்க நன்றி. கடைக்காரரிடம் இனிப் போவதாக இல்லை. புளூடூத் ஜோடியைப் பைக் ஓட்டும் என் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். அது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்கள் காரில் தொழிற்சாலையிலிருந்து வந்த மூன்று முனை பெல்ட்தான் இருக்கிறது. ஹேன்ஸ் அணிவதற்குத் தோளிரண்டிலும் வரும் பட்டைகள் வேண்டும் என்பதால் இப்போதைக்கு அந்தக் கேள்வி எழவில்லை. இரண்டு ஐயங்கள் மீதி இருக்கின்றன. முகமூடித் துணியாகிய பாலகிளாவா அணியும்போது இயர்பீஸ் அதற்கு உள்ளேயா, வெளியேயா? இரண்டாவது, தடத்தோரம் கார்கள் நிறுத்தும் பிட்டில் நிற்கும் நண்பரும் எங்களோடு பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறார். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் வாக்கி-டாக்கி ஒன்றை இன்டர்காமோடு இணைத்துவிடலாமா?


செம்புக் கம்பி:

இயர்பீஸ் பாலகிளாவாவுக்கு உள்ளேதான். முதலில் இயர்பீஸைச் செருகி, காதின் மடலுக்கு மேல் மருத்துவமனையில் பயன்படுத்தும் காகித டேப்பை ஒரு விரல் நீளத்துக்கு ஒட்டி, கம்பியைக் கழுத்துப் பக்கமாக இறக்கி, அதற்குப் பிறகு பாலகிளாவாவை மாட்டுங்கள். டேப் இல்லாவிட்டால் ஹெல்மெட்டை இழுத்து மாட்டும்போது கன்ன மெத்தை இயர்பீஸைப் பிடுங்கிவிடும். வரிசையில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். மைக் கம்பியும் இயர்பீஸ் கம்பியும் ஹெல்மெட்டுக்கு வெளியே ஒரு 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் சேரும்படி வைத்துக்கொண்டால், ஹெல்மெட்டைக் கழற்றும்போது அதை மட்டும் பிரித்தால் போதும். மாணவர்கள் மாறிக்கொண்டே இருந்தால் நுரை முனைகளை ஆளுக்கு ஒரு புதிய ஜோடி கொடுங்கள். அடுத்தவர் காதில் இருந்ததைத் துடைத்துக் கொடுப்பது வேண்டாம்.


பிட் சுவர்:

வாக்கி-டாக்கி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சிறு பட்டைதான். குறைந்த திறன் கொண்ட கருவிகளுக்கு மட்டும், 2018 இல் வந்த விதியின்படி. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பல கருவிகள் இதற்கு வெளியே உள்ள அலைவரிசைகளிலும் அனுப்பக்கூடியவை. அவற்றுக்கு உரிமம் வேண்டும், கருவிக்கும் அரசின் ஒப்புதல் வேண்டும். ஒன்றும் ஆகாது என்று நினைத்து, தடத்தின் பாதுகாப்புப் பணியாளர்களான மார்ஷல்கள் பேசிக்கொள்ளும் அலைவரிசையில் ஒரு நாள் நுழைந்துவிட்டால், விபத்து நடந்த இடத்துக்கு ஆம்புலன்ஸ் கேட்கும் குரலை நீங்கள் மறித்தவர்களாவீர்கள்.

அதற்கு மேல் எனக்கு ஒரு தனிப்பட்ட கருத்து உண்டு. கற்றுக்கொடுக்கும் காருக்குள் மூன்றாவது குரல் வேண்டாம். புதிதாக ஓட்டுபவரின் கவனம் ஒரு குடம் தண்ணீர்தான். அதிலிருந்து நீங்கள் ஏற்கெனவே கொஞ்சம் மொண்டுகொண்டிருக்கிறீர்கள். பிட்டிலிருந்து நேரம் சொல்ல வேண்டுமென்றால் பலகை காட்டட்டும். கொடிகளைப் பார்க்கும் பழக்கமும் அப்போதுதான் வளரும்: மஞ்சள் காட்டினால் முந்தக் கூடாது, சிவப்பு காட்டினால் வேகம் குறைத்துப் பிட்டுக்குத் திரும்ப வேண்டும். இவற்றைக் காதில் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்துகொண்டே இருந்தால் கண் சோம்பிவிடும்.


பேஸ்நோட்:

பலகையை நானும் வழிமொழிகிறேன். கருவி வந்த பிறகு வேறொரு வேலை இருக்கிறது: சொற்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கார் நிற்கும்போதே பத்துச் சொற்கள் போதும் என்று முடிவு செய்து, அவற்றுக்கு ஒரே பொருள்தான் என்று இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். “பிரேக்” என்றால் பிரேக்கை அழுத்து, “விடு” என்றால் அழுத்தியதை மெல்ல விடு. இதில் ஒரு சிக்கல் உண்டு, நான் பட்டு அறிந்தது: “விடு” என்ற சொல்லைச் சிலர் ஆக்சிலரேட்டரை விடு என்றும் சிலர் வண்டியை வேகமாக விடு என்றும் எடுத்துக்கொள்வார்கள். நம் ஊர்ப் பேச்சில் இரண்டும் சரிதானே! எனவே “பிரேக் விடு”, “கேஸ் கொடு” என்று இரு சொற்களாகவே சொல்லுங்கள். “சரி” என்ற சொல்லைக் கட்டளையாகப் பயன்படுத்தவே வேண்டாம்; அது பாராட்டா, போதும் என்பதா, தொடரலாம் என்பதா என்று எவருக்கும் தெரியாது. சொல்ல வேண்டியதைச் செய்ய வேண்டிய இடத்தில் சொல்லாமல், அதற்கு முன்பே சொல்லுங்கள்; வளைவுக்குள் இருக்கும்போது அந்த வளைவைப் பற்றி விளக்கத் தொடங்கும் பயிற்சியாளர்கள் பலரோடு நான் அமர்ந்திருக்கிறேன். விளக்கத்தை நேர்ச்சாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.


இரண்டாம் இருக்கை:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் கம்பி இன்டர்காமும், அதே தயாரிப்பாளரின் ஹெல்மெட் கிட் இரண்டும் வாங்கினோம். நண்பரும் எஸ்ஏ முத்திரை உள்ள ஹெல்மெட் வாங்கிவிட்டார். ஆகவே செலவு நாங்கள் நினைத்ததைவிடக் கூடியது, ஆனால் அந்தச் செலவைப் பற்றி வீட்டில் தவிர வேறெங்கும் புகார் இல்லை. பெட்டியைக் கியர் லீவருக்குப் பின்னால், ஹேண்ட்பிரேக்குக்குத் தடையில்லாத இடத்தில் வெல்க்ரோவால் ஒட்டியிருக்கிறோம். நண்பருடைய கம்பி இடப்பக்கமும் என்னுடையது வலப்பக்கமும் இறங்குகின்றன. எனக்கு வந்த கிட் இடப்பக்கத்துக்கானதாகவே இருந்ததால், அதன் மைக் கம்பியைத் தாடை மெத்தையின் துணிக்குப் பின்னால் சுற்றி மறுபக்கம் கொண்டுவர வேண்டியிருந்தது. துணிக்கும் நுரைக்கும் நடுவே கம்பி தட்டையாகப் படுத்துக்கொண்டது, எதையும் வெட்டவில்லை.

தடத்துக்குப் போவதற்கு முன் வீட்டு வாசலில் இருவரும் பெல்ட் போட்டு அமர்ந்து, ஒருவர் கைதட்டியதும் இறங்கிப் பார்த்தோம். முதல் முறையே நண்பரின் பிளக் கழலாமல் பெட்டியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தது, வெல்க்ரோ போதவில்லை. இப்போது பெட்டியை ஒரு சிறு அலுமினியத் தகட்டில் திருகி, தகட்டைக் கன்சோலில் பொருத்தியிருக்கிறோம். பிளக் மட்டும் கழன்று வருகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர், ஹெல்மெட்டோடு காரிலிருந்து குதித்துக் குதித்து இறங்கும் எங்களைப் பார்த்துவிட்டு, வண்டியில் ஏதாவது புகுந்துவிட்டதா என்று விசாரித்தார்.

இருங்காட்டுக்கோட்டையில் நான்கு செஷன்கள் ஓட்டினோம். முதல் செஷனில் என் குரல் நண்பருக்குத் தெளிவாகக் கேட்டது, அவர் குரல் எனக்கு விட்டுவிட்டுக் கேட்டது. செம்புக் கம்பி சொன்னபடி பஞ்சுறையைக் கழற்றிப் பார்த்தால், மைக் நேராகத்தான் இருந்தது, ஆனால் உதட்டிலிருந்து ஒரு விரல் தள்ளி நின்றது. அடியில் இன்னொரு அடுக்கு வெல்க்ரோ வைத்து முன்னால் தள்ளியதும் சரியாகிவிட்டது. ஒரு காதில் மட்டும் இயர்பீஸ் என்ற ஏற்பாட்டை நண்பர் இரண்டு செஷன்களில் முயன்று பார்த்துவிட்டு, இரு காதிலும் வேண்டும் என்கிறார். எனக்கோ பேஸ்நோட் சொன்னதுதான் சரியென்று படுகிறது, டயர் ஒலி கேட்கும்போது அவர் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் முன்னதாகவே தளர்த்துகிறார். இதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை.

நண்பர் ஒரு முறைகூடத் தலையைத் திருப்பவில்லை. “பிரேக் விடு” என்பதை மட்டும் ஒரு இடத்தில் நான் தாமதமாகச் சொன்னேன். அது கருவியின் குறையல்ல. அடுத்த முறை போவதற்குள் எனக்குக் காதின் அச்செடுத்த இயர்பீஸ் வேண்டும், நுரை முனை என் இடக்காதிலிருந்து வழுகிக்கொண்டே இருக்கிறது. அச்சு எடுக்கும்போது வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா? ஹெல்மெட் அணிந்து பேசும்போது தாடை அசைவதால் இது முக்கியம் என்று ஒருவர் சொன்னார்.


செம்புக் கம்பி:

திறந்து வைத்திருங்கள். பல்லிடுக்கில் ஒரு சிறு கட்டையைக் கடிக்கச் சொல்லி அச்செடுப்பார்கள். தாடை திறக்கும்போது காதுக் குழாயின் வடிவம் சற்று மாறுவதால், மூடிய வாயில் எடுத்த அச்சு நீங்கள் பேசத் தொடங்கியதும் இரைச்சலை உள்ளே விட்டுவிடும். எதற்காக அணியப் போகிறீர்கள் என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஹெல்மெட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். காதுக்கு வெளியே துருத்தாதபடி செய்யச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கன்ன மெத்தை அதை உள்ளே அழுத்தி, மூன்றாவது சுற்றிலேயே வலிக்கத் தொடங்கும்.